போர்களால் பெயரெடுக்காத மார்ஷல்: லுவோ ரோங்ஹுவானின் ராணுவ வாழ்க்கை

கேட்கப்பட்ட கேள்வி இது: 1955இல் சீனா அறிவித்த பத்து மார்ஷல்களின் பட்டியலில் லுவோ ரோங்ஹுவான் என்ற பெயரும் இருக்கிறது. சூ டே, பெங் டெஹுவாய், லின் பியாவோ ஆகியோரின் பெயரைச் சொன்னதும் பெரும் போர்கள் நினைவுக்கு வருகின்றன. லுவோவின் பெயரோடு அப்படி எதுவும் வருவதில்லை. கட்சியின் கண்காணிப்பாளராகப் படைக்குள் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ராணுவத்தின் மிக உயர்ந்த பதவி எப்படிக் கிடைத்தது?

கேள்வியின் முதல் பகுதி சரிதான். அந்தப் பத்துப் பேரில் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் அரசியல் பணியிலேயே இருந்து மார்ஷலானவர் அவர் ஒருவர்தான். ஆனால் 'கண்காணிப்பாளர்' என்ற சொல்லை ஏற்பது கடினம். சீன ராணுவத்தின் அரசியல் கமிசாரை, அதாவது படைப்பிரிவில் தளபதியோடு சேர்ந்து பொறுப்பேற்கும் கட்சிப் பிரதிநிதியைப் பற்றி நம்மிடையே உலவும் சித்திரம் பெரும்பாலும் ரஷ்ய உள்நாட்டுப் போரிலிருந்து வந்தது. அங்கே ஜார் காலத்து அதிகாரிகளை வேறு வழியின்றிச் செம்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டிக்கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கமிசாரை நிறுத்தினார்கள். அந்த அவநம்பிக்கையே அந்தப் பதவியின் வேர் என்பதால், 1942 அக்டோபரில், ஸ்டாலின்கிராட் போர் உச்சத்தில் இருந்தபோது, சோவியத் அரசு கமிசார் முறையை நீக்கித் தளபதியிடமே முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டது. சீனாவிலும் இந்த முறை சோவியத் ஆலோசகர்களின் வழியாகத்தான், 1924இல் தொடங்கிய வாம்போவா ராணுவப் பள்ளி மூலம் நுழைந்தது. ஆனால் கம்யூனிஸ்டுகளின் சொந்தப் படையில் தளபதியும் கமிசாரும் ஒரே கட்சியில் சேர்ந்து, ஒரே மலையில் பட்டினி கிடந்து வளர்ந்தவர்கள். அங்கே கமிசாரின் தலையாய வேலை வேறு. கூலியில்லாத, உடையில்லாத, தப்பி ஓடினால் தேடிப் பிடிக்கவும் ஆளில்லாத ஒரு படையில் சிப்பாய் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்தான் அன்றாடம் விடை கண்டுபிடிக்க வேண்டும். லுவோவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது என்பது என் கருத்து.

அவர் 1902 நவம்பர் 26 அன்று ஹுனான் மாகாணத்தின் ஹெங்ஷான் வட்டாரத்தில் பிறந்தார். அந்தத் தலைமுறைப் படைத்தலைவர்களில் பலர் ராணுவப் பள்ளியிலிருந்தோ, பழைய படைகளின் கீழ்வரிசையிலிருந்தோ வந்தவர்கள். இவரோ சாங்ஷா, சிங்டாவ், வூஹான் என்று கல்வி நிலையங்களில் படித்துக்கொண்டிருந்தவர். 1927இல் கட்சியில் சேர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் மாவோ நடத்திய இலையுதிர் அறுவடை எழுச்சியில் விவசாயத் தொண்டர்களோடு கலந்துகொண்டார். எழுச்சி தோற்றது. சுமார் 5,000 பேரோடு தொடங்கிய படை, செப்டம்பர் கடைசியில் ஜியாங்சியின் சான்வான் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது 1,000 பேர்கூடத் தேறவில்லை.

அந்தக் கிராமத்தில் மாவோ செய்த மாற்றங்கள்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். விலகிப் போக நினைத்தவர்களைத் தடுக்காமல் கையில் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். மிஞ்சியவர்களை ஒரே ரெஜிமென்ட்டாகச் சுருக்கினார்கள். அதிகாரிகள் சிப்பாய்களை அடிக்கக் கூடாது என்று விதித்தார்கள். கணக்கு வழக்கைப் பார்க்கும் உரிமையுள்ள சிப்பாய்க் குழுக்களை அமைத்தார்கள். கட்சிக் கிளையை ரெஜிமென்ட் மட்டத்திலிருந்து இறக்கி ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் கொண்டுபோனார்கள். அப்படி முதன்முதலில் நியமிக்கப்பட்ட கம்பெனிக் கட்சிப் பிரதிநிதிகளில் 25 வயதுகூட நிரம்பாத லுவோவும் ஒருவர். ஒரு கம்பெனி என்றால் நூறு பேர் இருப்பார்கள். யார் இரவில் அழுகிறான், யாருக்குக் காலில் புண், யாருடைய வீட்டு நிலத்தைப் பண்ணையார் பிடுங்கிக்கொண்டார் என்பதெல்லாம் தெரியாமல் அந்த வேலையைப் பார்க்க முடியாது. வரைபடத்தைப் பார்த்துப் போர்க்கலை கற்றவர்களுக்கு நடுவில், லுவோ அதை ஆட்களைப் பார்த்துக் கற்றவர்.

1929 டிசம்பர் இறுதியில் ஃபூஜியானின் குட்டியான் கிராமத்தில் நடந்த, சீனக் கம்யூனிஸ்டுகளின் நான்காம் செம்படையின் கட்சி மாநாடு, படை கட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற கொள்கையைத் தீர்மானமாக எழுதி வைத்தது. அந்த மாநாட்டில் முன்னணிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் லுவோவும் இருந்தார். அடுத்த ஆண்டு நான்காம் செம்படையின் அரசியல் கமிசாரானார். அதன் தளபதி 22 வயது லின் பியாவோ. போர்த்திறமையில் ஒப்பற்றவர், பேச்சில் மிகச் சிக்கனமானவர், பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போகாதவர் என்று அப்போதே பெயர் வாங்கியிருந்தார். அவரோடு வேலை செய்த கட்சிப் பிரதிநிதிகள் ஒருவர் பின் ஒருவராக மனக்கசப்போடு விலகியிருந்தார்கள். லுவோ விலகவில்லை. படை நடத்தும் விஷயத்தில் தளபதிக்கு முழு இடம் கொடுத்தார். தான் பேச வேண்டிய இடம் எது, பேசாமல் விட வேண்டிய இடம் எது என்பதில் தெளிவாக இருந்தார். இந்த இருவரின் உறவு அடுத்த முப்பது ஆண்டுகள், சீனப் புரட்சியின் மிக முக்கியமான திருப்பங்களின் ஊடே நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் அது முறிந்த இடமும் லுவோவைப் புரிந்துகொள்ள உதவும்.

1930களின் தொடக்கத்தில் மாவோ ஓரங்கட்டப்பட்டபோது அவருக்கு நெருக்கமானவர் என்ற முறையில் லுவோவும் முக்கியப் பொறுப்பை இழந்தார். செம்படை தெற்கிலிருந்து வடமேற்குக்குப் பின்வாங்கிய நெடும்பயணம் தொடங்கும் நேரத்தில், 1934இல், புதிதாகத் திரட்டிய ஆட்களைக் கொண்டு அவசரமாக உருவாக்கிய எட்டாம் படைக்குழுவின் அரசியல் துறைத் தலைவராக இருந்தார். நவம்பர் இறுதியில் சியாங் ஆற்றைக் கடக்கும்போது அந்தப் படைக்குழு ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. சுமார் 10,000 பேராகப் புறப்பட்டதில் மறுகரையில் தேறியவர்கள் ஆயிரத்துச் சொச்சம். டிசம்பரில் அதைக் கலைத்துவிட்டார்கள். லுவோ கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அவருடன் இருந்தது அச்சுப்படி எடுக்கும் கருவியைத் தோளில் சுமந்துவந்த ஓர் ஊழியர் மட்டுமே என்று சீன நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பயிற்சியும் பிணைப்பும் இல்லாத புது ஆட்களை அப்படியே பெரும்போரில் இறக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வடகிழக்கில் புது ஆட்களை அவர் கையாண்ட விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

லுவோ யார் என்று ஒரே இடத்தைக் காட்டிச் சொல்லச் சொன்னால் நான் ஷான்டோங்கைத்தான் காட்டுவேன். 1937இல் ஜப்பானுடனான முழுப்போர் தொடங்கியதும் செம்படையின் ஒரு பகுதி, ஜப்பானை எதிர்க்க அமைந்த கம்யூனிஸ்ட் படையான எட்டாம் வழிப் படையின் 115ஆம் டிவிஷனாக மாறியது. லின் பியாவோ அதன் தளபதி. 1938 மார்ச்சில், மாகாணத் தலைவர் யான் சிஷானின் சிப்பாய்கள் ஜப்பானியர் என்று எண்ணிச் சுட்டதில் லின் படுகாயம் அடைந்தார். பின்னர் சிகிச்சைக்காகச் சோவியத் யூனியனுக்குப் போனார். சென் குவாங் தற்காலிகத் தளபதியானார், லுவோ அரசியல் கமிசாரானார். 1939 மார்ச்சில் இந்த இருவரும் டிவிஷனின் ஒரு பகுதியோடு ஷான்டோங்குக்குள் நுழைந்தார்கள். ஜப்பானியர், அவர்களின் கைக்கூலிப் படைகள், கம்யூனிஸ்டுகளின் போட்டியாளரான தேசியவாதக் கட்சி கோமிண்டாங்கின் படைகள், உள்ளூர் ஆயுதக் கும்பல்கள் என்று நாலாபுறமும் எதிரிகளோ, நாளை எதிரியாகக்கூடியவர்களோ சூழ்ந்திருந்த மாகாணம் அது.

சேர்ந்த சில மாதங்களிலேயே வந்த பெரிய சோதனை சொந்தக் கட்சிக்குள்ளிருந்து வந்தது. வெய்ஷான் ஏரிக்கு மேற்கே உள்ள ஹூசி பகுதியில் 1939 ஆகஸ்டில் 'டிராட்ஸ்கியவாதிகளை', அதாவது ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியின் ஆதரவாளர்களைக் களையெடுப்பது என்ற பெயரில் ஒரு வேட்டை தொடங்கியது. ஒருவரைப் பிடித்துச் சித்திரவதை செய்வார்கள். அவர் வலி தாங்காமல் பத்துப் பெயரைச் சொல்வார். அந்தப் பத்துப் பேரையும் பிடிப்பார்கள். மூன்று மாதங்களுக்குள் சுமார் 300 ஊழியர்கள் சொந்தத் தோழர்களின் கையால் கொல்லப்பட்டார்கள். இன்னும் பல நூறு பேர் அடைபட்டுக் கிடந்தார்கள். செய்தி எட்டியதும் லுவோ வேறு இரண்டு தலைவர்களோடு எதிரி வளையங்களைக் கடந்து நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார். கொலைகளை உடனே நிறுத்தினார். வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்று இல்லாத வழக்குகளை ஏற்க மறுத்தார். அடைபட்டவர்களை விடுவித்தார். விடுபட்டவர்களில் ஒருவர் லியாங் சிங்சு என்ற படைத்தலைவர். பதினோரு ஆண்டுகள் கழித்து, கொரியப் போரில் 38ஆம் படையை நடத்திச் சீனா முழுவதும் பெயர் பெற்றவர் அவரே. 'துரோகிகளுக்கு இரங்குகிறான்' என்று தன்மேலேயே முத்திரை விழக்கூடிய சூழலில் லுவோ இதைச் செய்தார். அவர் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான செயல்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். போர் வரலாற்றை மட்டும் புரட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவருக்குப் போர் தெரியாது என்பதும் சரியல்ல. 1941 நவம்பரில் ஜப்பானியப் படை ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டு யிமெங் மலைப்பகுதியை வளைத்தது. நவம்பர் 5 அன்று லியூடியான் என்ற இடத்தில் டிவிஷன் தலைமையகமும் கட்சியின் மாகாண உறுப்புகளும் சிக்கிக்கொண்டன. சில ஆயிரம் பேர் இருந்தாலும் பெரும்பாலோர் அலுவலக ஊழியர்கள், மருத்துவப் பணியாளர்கள். சண்டையிடக்கூடிய காவல் படை மிகச் சிறியது. அவசரக் கூட்டத்தில் சிலர் கிழக்கே ஆற்றைக் கடந்து கடலோரத் தளத்துக்குப் போகலாம் என்றார்கள், சிலர் வடக்கே என்றார்கள், சிலர் மேற்கே மெங் மலைக்கு என்றார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு லுவோ தெற்கே போவோம் என்றார். தெற்கே இருந்தது லின்யி, அதாவது எதிரியின் முகாமே. அவர் கணக்கு எளிமையானது. கிழக்கில் எதிரி நாம் வருவோம் என்று காத்திருக்கிறான், வடக்கும் மேற்கும் அடைபட்டுவிட்டன, இவ்வளவு ஆட்களை மலைக்குள் கொண்டுவந்துவிட்டதால் அவனுடைய சொந்த முற்றம்தான் காலியாக இருக்கும். இருட்டியதும் புறப்பட்டார்கள். விளக்கு இல்லை, பேச்சு இல்லை, இருமல்கூட இல்லாமல் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே நடந்தார்கள். மூன்று மறிப்புக் கோடுகளைத் தாண்டி, தெற்கே போய் மேற்கே திரும்பி, விடியும்போது வளையத்துக்கு வெளியே இருந்தார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை, ஓர் ஆளும் இழக்கப்படவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதிவந்த ஹான்ஸ் ஷிப்பே என்ற பத்திரிகையாளர் அந்த இரவு அவர்களோடு நடந்தார். இதைப் பெரும் வெற்றி என்று பாராட்டி எழுதிய அவர், அதே மாத இறுதியில் இன்னொரு சண்டையில் கொல்லப்பட்டார். லியூடியானில் தப்பியதால் ஷான்டோங் தப்பிவிடவில்லை. அந்தக் குளிர்காலத்தின் இழப்புகள் கடுமையாக இருந்தன, தளப்பகுதி சுருங்கிக்கொண்டே போயிற்று.

அந்த இரவில் கிடைத்த பாடத்தை லுவோ ஒரு பொது வழிமுறையாக மாற்றினார். எதிரி நம் பகுதிக்குள் நுழைந்தால் உள்ளே பின்வாங்கிக்கொண்டே போகாமல், நாம் அவனுடைய பகுதிக்குள் புகுந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு முக்கியப் படையை நடுவில் குவித்து வைக்காமல் எல்லையோரத்தில் நிறுத்த வேண்டும். அது நடக்க வேண்டுமானால் எதிரியின் பகுதியிலும் கதவைத் திறந்து வைக்கும் மக்கள் இருக்க வேண்டும். இங்கேதான் போரும் அரசியல் பணியும் ஒன்றாகின்றன. 1942இல் ஷான்டோங் வந்த கட்சித் தலைவர்களில் ஒருவரான லியூ ஷாவோச்சி, குத்தகைக் குறைப்பு இங்கே பேச்சளவில்தான் இருக்கிறது என்று கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகே குத்தகையையும் வட்டியையும் குறைக்கும் வேலை கிராமங்களில் உண்மையாக நடக்கத் தொடங்கியது. ஒரு குத்தகை விவசாயிக்கு இந்த ஆண்டு களத்தில் கூடுதலாக மிஞ்சும் தானியம், நூறு மேடைப் பேச்சுகளைவிட வலுவான ஆள்சேர்ப்பு. 1943 மார்ச்சில் ஷான்டோங்கின் படைத்தளபதி, அரசியல் கமிசார் ஆகிய இரண்டு பொறுப்புகளும், சில மாதங்களில் கட்சிச் செயலாளர் பொறுப்பும் லுவோவிடமே வந்தன. 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது மாகாணத்தின் முறையான படை 2,70,000 அளவுக்கு வளர்ந்திருந்தது. ஏறக்குறைய ஒரு மாகாணம் முழுவதும் கட்சியின் கையில் இருந்தது. மாவோ பிற்காலத்தில் ஷான்டோங்கைச் சிறப்பித்துப் பேசியதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவும் அவர் சிறுநீரில் ரத்தம் போய்க்கொண்டிருந்த நிலையில் செய்தது. 1943இல் இன்னொரு கம்யூனிஸ்ட் படையான புதிய நான்காம் படையின் பகுதிக்குப் போய், அங்கே பணியாற்றிய யாக்கோப் ரோசன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய மருத்துவரிடம் காட்டினார். நாஜிகளின் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீனா வந்த யூதர் அவர், சிறுநீரகத் துறை அறிந்தவர். முறையான கருவிகள் இல்லாததால் நோயை முழுமையாகக் கண்டறிய முடியவில்லை. ஆனாலும் அவர் லுவோவுக்காகவே ஷான்டோங்குக்கு வந்து பல ஆண்டுகள் உடனிருந்தார். 1946இல் மாஸ்கோ போன பிறகுதான் கட்டி பிடித்த ஒரு சிறுநீரகத்தை அகற்றினார்கள். மறு ஆண்டு மே மாதம், ஓய்வில் இருக்கும்படி மருத்துவர்கள் சொல்லியும், ஹார்பினுக்குத் திரும்பிவிட்டார்.

ஹார்பின் ஏன் என்றால், ஜப்பான் சரணடைந்ததும் கட்சி வடகிழக்குச் சீனாவான மஞ்சூரியாவைக் கைப்பற்றுவதை முதன்மை இலக்காக்கியிருந்தது. 1945 இலையுதிர் காலத்தில் ஷான்டோங்கிலிருந்து 60,000க்கும் அதிகமான சிப்பாய்களை மீன்பிடிப் படகுகளிலும் சிறு கப்பல்களிலும் கடல் வழியாகவும், தரை வழியாகவும் வடகிழக்குக்கு அனுப்பியவர் லுவோ. தான் ஆறு ஆண்டுகள் வளர்த்த படையின் நல்ல பகுதியை அப்படியே எடுத்து, லின் பியாவோவின் தலைமையில் உருவாகும் படையின் முதுகெலும்பாகக் கொடுத்தார். 'என் படை' என்று ஒட்டிக்கொள்வது அந்தக் காலத் தளபதிகளிடம் சாதாரணம் என்பதால் இது கவனிக்கத் தக்கது.

வடகிழக்கில் அவர் எதிர்கொண்ட சிக்கல் சுவையானது. படையில் சேர்ந்துகொண்டிருந்தவர்களில் பெரும் பங்கினர் நேற்றுவரை எதிர்ப்பக்கத்தில் சண்டையிட்டுப் பிடிபட்ட கோமிண்டாங் சிப்பாய்கள். துப்பாக்கி சுடத் தெரியும், ஆனால் எந்தப் பக்கம் சுடுவது என்பதில் உறுதி கிடையாது. ஒரு டிவிஷனில் நடந்த ஒரு சிறு முயற்சி லுவோவின் கண்ணில் பட்டது. சிப்பாய்களை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். கடனுக்காக விற்கப்பட்ட தங்கை, பஞ்சத்தில் செத்த தாய், கட்டாயமாகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட தான் என்று ஒருவன் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த கைதிச் சிப்பாய்களும் அழுதுகொண்டே தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். இந்தத் துன்பம் யாரால் வந்தது, அவர்களுக்காகவா நீ இதுவரை சுட்டாய் என்ற கேள்வி தானாகவே அடுத்து வந்தது. லுவோ 1947இல் இந்த முறையை வடகிழக்குப் படை முழுவதற்கும் விரித்தார். மாவோ அதை நாடு முழுவதும் உள்ள படைகளுக்கு அனுப்பிவைத்தார். அது உணர்ச்சியைத் திட்டமிட்டுத் திரட்டும் உத்தி என்பதில் ஐயமில்லை. சொல்லப்பட்ட துன்பங்கள் உண்மையானவை என்பதிலும் ஐயமில்லை. இதோடு சேர்த்து, புது ஆட்களை நேராகப் போருக்கு அனுப்பாமல், தனி ரெஜிமென்ட்டுகளாக அமைத்து, பின்னணியில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, முழு ரெஜிமென்ட்டாகவே முன்னணிப் படையில் இணைக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்தார். லட்சக்கணக்கானோர் இந்த வழியில் வந்தார்கள். சியாங் ஆற்றின் பாடம் என்று நான் முன்னே சொன்னது இதைத்தான்.

அடுத்தது ஜின்ஜோ. லுவோவின் பெயர் போர் வரலாற்றில் இடம்பெறும் இடம் இதுதான். 1948 செப்டம்பர் 12 அன்று வடகிழக்கைக் கைப்பற்றுவதற்கான லியாவோஷென் போர்த்தொடர் தொடங்கியது. மாவோவின் திட்டப்படி முதலில் தெற்கே ஜின்ஜோவை அடித்து, வடகிழக்கில் உள்ள கோமிண்டாங் படைகள் தரை வழியாகத் தப்பும் கதவை மூட வேண்டும். லின் பியாவோவுக்கு இதில் தொடக்கத்திலிருந்தே தயக்கம். அக்டோபர் 2 அன்று தலைமையக ரயில் ஜாங்வு அருகே நின்றிருந்தபோது, ஹுலுடாவ் துறைமுகத்தில் எதிரிக்குப் புதிதாக நான்கு டிவிஷன்கள் வந்து இறங்கும் செய்தி கிடைத்தது. ஒரு பந்திக்குச் சமைத்து வைத்திருக்கும்போது இரண்டு பந்திக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று லின் கவலைப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அன்றிரவு பத்து மணிக்கு, ஜின்ஜோவை விட்டுவிட்டு வடக்கே திரும்பிச் சாங்சுன்னை அடிப்பதைப் பரிசீலிக்கலாம் என்று மாவோவுக்குத் தந்தி போயிற்று.

மறுநாள் காலையில் லுவோவும் தலைமைப் பணிநிலைத் தளபதி லியூ யாலோவும் லின்னிடம் போனார்கள். மையக் குழு ஒப்புக்கொண்ட திட்டம், படைகள் ஏற்கெனவே தெற்கே நகர்ந்துவிட்டன, இப்போது திரும்பினால் படைவீரரின் மனநிலையும் குலையும், எதிரியும் தப்புவான் என்று லுவோ எடுத்துச் சொன்னார். லின் ஏற்றுக்கொண்டு தந்தியை நிறுத்தச் சொன்னார், அது போய்விட்டது என்று தெரிந்தது. அப்படியானால் பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே இன்னொரு தந்தி அனுப்பிவிடுவோம் என்று சொல்லி, லுவோவே வரைவை எழுதினார். ஜின்ஜோவை அடிக்கும் முடிவில் மாற்றமில்லை என்ற அந்தத் தந்தி, முதல் தந்தியைக் கண்டு கொதித்துப்போய் மாவோ அடுத்தடுத்து இரண்டு கண்டனத் தந்திகளை அனுப்பிய பிறகே அவர் கைக்குக் கிடைத்தது. அக்டோபர் 14 காலையில் தாக்குதல் தொடங்கியது, 15ஆம் தேதி மாலை நகரம் வீழ்ந்தது. ஹுலுடாவிலிருந்து வந்த துணைப்படைகளைத் தாஷான் என்ற சிறு கிராமத்தில் ஆறு நாள் தடுத்து நிறுத்தினார்கள். நவம்பர் 2 அன்று போர்த்தொடர் முடிந்தபோது கோமிண்டாங் 4,70,000க்கும் அதிகமான ஆட்களை இழந்திருந்தது. தளபதியின் அதிகாரத்தைப் பறிக்காமல், பழியை அவர்மேல் போடாமல், சில மணி நேரத்துக்குள் முடிவைத் திருப்பிய அந்தக் காலை, கமிசார் என்ற பதவி எதற்காக இருக்கிறது என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று.

ஆனால் அதே போர்த்தொடரின் இன்னொரு பக்கத்தை விட்டுவிட்டு லுவோவைப் புகழ்ந்துகொண்டு போவது நேர்மையாகாது. ஜின்ஜோவுக்கு வடக்கே சாங்சுன் நகரம் 1948 கோடையிலிருந்து அக்டோபர் வரை முற்றுகையில் இருந்தது. உள்ளே இருந்த கோமிண்டாங் படை தானியத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பொதுமக்களை வெளியே விரட்டியது. முற்றுகைப் படையோ உள்ளே பட்டினி நெருக்க வேண்டும் என்பதற்காக அவர்களில் பெரும்பாலோரை நெடுங்காலம் வெளியே விடவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் மக்கள் செத்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது பரவலான மதிப்பீடு. செப்டம்பரில் லின், லுவோ முதலியோர் பெயரில் மாவோவுக்குப் போன அறிக்கையே, பட்டினியில் வாடியவர்கள் கூட்டம் கூட்டமாகக் காவல் சிப்பாய்களின் முன் மண்டியிட்டு வழிவிடக் கெஞ்சுவதையும், அதைக் கண்டு சிப்பாய்களின் மனம் கலங்குவதையும் சொல்கிறது. கலங்கிய அந்த மனங்களை உறுதிப்படுத்துவதும் அரசியல் பணியாளர்களின் வேலையாகத்தான் இருந்தது. ஹூசியில் அடைபட்டுக் கிடந்தவர்களின் உயிருக்காக எதிரி வளையத்தைக் கடந்தவர், சாங்சுன் முற்றுகையின் அரசியல் பொறுப்பிலும் இருந்தார். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கை.

1949க்குப் பிறகான ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய அரசில் உச்ச மக்கள் வழக்குரைஞர் மன்றத்தின் தலைவர், 1950 முதல் ராணுவத்தின் பொது அரசியல் துறைத் தலைவர், அத்துடன் அதிகாரிகள் நிர்வாகத் துறைத் தலைவர் என்று மூன்று சுமைகள். 1954இல் வெளியான ராணுவ அரசியல் பணிக்கான விதித்தொகுப்பு இவர் காலத்தது. கட்சிக் குழு கூடி முடிவெடுக்கும், பிறகு தளபதியும் கமிசாரும் அவரவர் துறையில் நிறைவேற்றுவார்கள் என்ற ஏற்பாடு அதில் முறைப்பட்டது. ரெஜிமென்ட்டும் அதற்கு மேலும் கமிசார், பட்டாலியனிலும் கம்பெனியிலும் அரசியல் பயிற்றுநர் என்ற அமைப்பு இன்றும் அடிப்படையில் அப்படியே தொடர்கிறது. 1955இல் முதன்முறையாகப் படைப்பதவிகள் வழங்கப்பட்டபோது யாருக்கு என்ன பதவி என்று எடைபோடும் பெரும்பணி அவருடைய துறையில்தான் நடந்தது. செப்டம்பர் 27 அன்று அவரே மார்ஷலானார். உடல்நிலை காரணமாக மறு ஆண்டே பொது அரசியல் துறையை டான் ஜெங்கிடம் ஒப்படைத்தார்.

1960இல் லின் பியாவோவின் தாக்குதலுக்கு ஆளாகி டான் ஜெங் வீழ்த்தப்பட்டபோது, நோயாளியான லுவோவை மீண்டும் அழைத்தார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் லின்தான். மாவோவின் எழுத்துகளை முழுமையாகப் படிக்கத் தேவையில்லை, கையில் இருக்கும் சிக்கலுக்கு ஏற்ற வரிகளை எடுத்துக்கொண்டு மனப்பாடம் செய்து பயன்படுத்தினால் போதும் என்ற முறையை அவர் படை முழுவதும் பரப்பிக்கொண்டிருந்தார். 1961 ஏப்ரல் 30 அன்று ராணுவ ஆணையக் கூட்டத்தில் லுவோ இதை நேருக்கு நேர் மறுத்தார். ஒரு சிந்தனையை அதன் சாரத்தோடு படிக்க வேண்டும், சிக்கலைக் கையில் வைத்துக்கொண்டு வரி தேடுவது படிப்பாகாது என்பது அவர் நிலை. லின் முகம் மாறிக் கூட்டத்தை அத்தோடு முடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். லுவோ பின்வாங்காமல் விஷயத்தைக் கட்சிப் பொதுச் செயலாளர் டெங் சியோபிங்கிடம் கொண்டுபோனார். செயலகம் லுவோவின் பக்கம் நின்றது. மாவோவின் சிந்தனையைக் கொச்சைப்படுத்திய லின்னின் முறையை முதலில் எதிர்த்தவர் லுவோதான் என்று 1977இல் டெங் நினைவுகூர்ந்தார். பதவியும் மாவோவின் ஆதரவும் ஒருங்கே பெற்றிருந்த அமைச்சரை, முப்பது ஆண்டுத் துணையாக இருந்தவர், தன் துறை சார்ந்த ஒரு கொள்கைக்காக எதிர்த்தார் என்பதே இதில் கனமான செய்தி.

1963 டிசம்பர் 16 அன்று, 61 வயதில், சிறுநீரகச் செயலிழப்பால் அவர் இறந்தார். பத்து மார்ஷல்களில் முதல் மரணம் அது. அன்று மாலை நடந்த கூட்டத்தில் மாவோ எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, இவர் யார்மேல் குறை இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்வார், முதுகுக்குப் பின்னால் பேசமாட்டார், பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது எளிதல்ல என்றார். அவர் எழுதிய இரங்கற்பாவில் நெடும்பயணத்தைவிட ஜின்ஜோவே பெரிய சிக்கலாக இருந்தது என்று ஒரு வரி வருகிறது. நாட்டுக்கு ஐயம் வந்தால் இனி யாரைக் கேட்பது என்று முடியும் அந்தப் பாடல் 1978இல்தான் வெளியானது.

மார்ஷல் பதவி எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு ஷான்டோங்கின் 2,70,000 பேரும், வடகிழக்கின் பயிற்சி ரெஜிமென்ட்டுகளும், ஜாங்வு ரயில் நிலையத்தின் அந்தக் காலையும் விடையாகப் போதும். அவரால் முடியாமல் போனது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லின்னை எதிர்த்த மறுநாளான 1961 மே 1 முதலே, ராணுவ நாளிதழ் முதல் பக்கத்தில் மாவோவின் மேற்கோள்களை நாள்தோறும் அச்சிடத் தொடங்கிவிட்டது. அவர் இறந்து ஐந்து மாதங்களில், 1964 மே மாதம், அந்த மேற்கோள்கள் பின்னாளில் உலகம் அறிந்த சிவப்புப் புத்தகமாகத் தொகுக்கப்பட்டுச் சிப்பாய்களுக்கு வழங்கப்பட்டன. அதை வெளியிட்டது அவர் இருமுறை தலைமை வகித்த அதே பொது அரசியல் துறை. அவருக்குப் பின் அந்தத் துறையின் தலைவரான சியாவோ ஹுவா, கலாச்சாரப் புரட்சி தொடங்கிய மறு ஆண்டே, 1967இல், வீழ்த்தப்பட்டார். சில ஆண்டுகள் அந்தத் துறையே செயலற்றுக் கிடந்தது.